வஞ்சியும் முல்லையும்: திரும்பி வந்த படைவீரரை எப்படி நினைப்பது?

(முன்னாள் படைவீரர் ஒருவர் நினைவாக அவர் குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவில் அமைந்ததோ அவர் 1944இல் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1962 சீனப் போருக்குப் பிறகு இந்தியத் தரைப்படைக்குப் பெருமளவில் ஆள் சேர்த்தார்கள். அப்போது, 1963இல், பெங்களூரு மதராஸ் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தார். மதராஸ் சாப்பர்கள் என்று பெயர்பெற்ற, பட்டாளத்து வழக்கில் ‘தம்பிகள்’ என்று அழைக்கப்படுகிற, 1780 முதல் வரலாறு கொண்ட பிரிவு அது. 24 ஆண்டுகள் பணியாற்றி 1987 தொடக்கத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றார். 2021 வரை ஊரில் வாழ்ந்தார். அச்சில் பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இந்த உரையில் அவரைச் சுபேதார் என்றே குறிக்கிறேன்.

அவருடைய தகரப் பெட்டியை எனக்குத் திறந்து காட்டியபோது மூத்த மகள் ஒரு கேள்வி கேட்டார்: “அப்பாவப் பத்திச் சின்னதா ஒரு புத்தகம் போடணும் சார். ஆனா அவரு பெரிய வீரச் செயல் எதுவும் செஞ்சதா எங்களுக்குத் தெரியல. பேப்பர்ல பேர் வரல. எதை எழுதறது?”

இந்த உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான விடைதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களத்தில் விழுந்தவரை நினைப்பதில் தமிழருக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. வேலை முடித்துத் திரும்பி, பிள்ளைகளை ஆளாக்கி, மூப்படைந்து இறந்தவரை நினைக்கும் பழக்கம் அந்த அளவுக்கு வளரவில்லை. அதற்கு வேண்டிய இலக்கணம் மட்டும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. படையெடுத்துப் போவதையும் வீட்டில் காத்திருப்பதையும் ஒரே பொருளின் உள்ளும் புறமுமாக வைத்தவர் தொல்காப்பியர். படைவீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதினால் அந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1. விழுந்தவருக்குக் கல் உண்டு

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல் எடுக்கும் முறைக்கே இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனின் பெயரை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோவிவன் என்று நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நன்றி மறவாத சமூகம் அது. இறந்தவன் வீட்டாருக்கு நிலம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று அந்த நிலக்கொடைகளைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. குடும்பத்தை ஊர் மறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த நிலம் இறப்புக்குக் கிடைத்த நிலம்.

புதிய நினைவுச் சின்னங்களும் இந்த வழியில்தான் வருகின்றன. 1931இல் திறந்த டெல்லி இந்தியா கேட் வளைவில் உள்ளவை இறந்தவர்களின் பெயர்கள். 2019 பிப்ரவரியில் அதன் அருகே திறந்த தேசியப் போர் நினைவிடத்தின் தியாகச் சக்கரத்துச் சுவர்களில் விடுதலைக்குப் பிந்தைய போர்களிலும் நடவடிக்கைகளிலும் உயிர்நீத்தோரின் பெயர்கள் கல் கல்லாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை.

2. ஒரு கழித்தல் கணக்கு

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு இந்தியக் கிராமங்கள் பலவற்றில் சின்னப் பளிங்குப் பலகைகளைப் பதித்தது. நம் மாவட்டங்களிலும் சாவடிச் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் அவற்றைப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்குச் சென்றவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று இரண்டே எண்கள். பெயர் ஒன்றும் இராது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது திரும்பி வந்தவர்களின் தொகை. பலகை அதைச் சொல்வதில்லை. நின்று படிக்கிறவர்தான் மனக்கணக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். ஏறத்தாழ 74,000 பேர் இறந்தார்கள். மீதி ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மெசொப்பொட்டேமியாவையும் பிரான்ஸையும் எகிப்தையும் கண்ணால் பார்த்துவிட்டு ஏர் பிடிக்கத் திரும்பினார்கள். அவர்கள் பார்த்தது, தின்றது, பயந்தது, வீட்டில் சொன்னது, சொல்லாமல் விட்டது எல்லாம் எங்கே போயின? வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ஊர்க்காரர்களே ராணுவப்பேட்டை என்பார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் போன ஊர் அது. அப்படிப்பட்ட ஊரிலும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் கதை கிடைக்கிறது. நூலகத்துக்குப் போனால் கிடைப்பதில்லை.

3. வஞ்சியின் அகம் முல்லை

மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்க வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணைக்குப் புறமாக வைக்கிறது. ஆநிரை கவரும் வெட்சி குறிஞ்சிக்குப் புறம். மண்ணாசையால் படையெடுத்துச் செல்லும் வஞ்சி முல்லைக்குப் புறம். தேர்வுக்குப் பட்டியலாக மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறோம். சற்று நின்று பாருங்கள். வேந்தன் பாசறையில் இருக்கும் காலம் எதுவோ அதுவேதான் தலைவி வீட்டில் இருக்கும் காலம். அவனுக்கு ஒரு காலம், அவளுக்கு வேறொரு காலம் என்று இரண்டு இல்லை. பெய்யும் கார்மழை ஒன்றுதான். அவன் கூடாரத்தின் மேல் பெய்கிறது, அவள் முற்றத்திலும் பெய்கிறது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடி. அதில் ஒரு பக்கம் தலைவி. முதுபெண்டிர் ஊர்ப்புறம் போய் விரிச்சி கேட்டு, நற்சொல் கிடைத்தது என்று தேற்றியும் அவள் தேறுவதில்லை. மறுபக்கம் காட்டுக்குள் பாசறை. அங்கே நாழிகை சொல்வோர் இருக்கிறார்கள், யவனக் காவலர் இருக்கிறார்கள். மன்னனுக்கு உறக்கம் வரவில்லை. போர் வேட்கை ஒருபுறம். புண்பட்ட யானைகள், அம்பு தைத்துத் தீனியை மறந்த குதிரைகள், தனக்காக மாண்ட வீரர்கள் என்று நினைவு ஓடுவது இன்னொருபுறம். நக்கீரரின் நெடுநல்வாடையிலும் இதே அமைப்பு: அரண்மனையில் உறங்காத அரசி, வாடைக் காற்றில் பாசறையில் உறங்காமல் புண்பட்டோரைக் காணச் செல்லும் அரசன். இரண்டு இடங்களையும் ஒரு பாட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தும் இந்த முறை எனக்குப் படைவீரர் வரலாற்றுக்கே முன்மாதிரியாகத் தெரிகிறது.

ஒரு தடை உண்டு. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது. நெடுநல்வாடையில் வேம்பு ஒன்று வந்துவிட்டது. அது பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு அடையாளத்தால் அது அகப்பாட்டு ஆகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் வாதிட்டார். அப்படியானால், விழுந்தவனுக்குக் கல்லில் பெயர் இருக்கிறது, வீட்டை அங்கே தேடினால் கிடைக்காது. வினைமுடித்துத் தேர்ப்பாகனை விரைந்து ஓட்டச் சொல்லி மீள்கிறவனுக்கு முல்லையில் வீடு இருக்கிறது, பெயர் இல்லை. வாழ்க்கை வரலாறு என்ற வகை பிற்காலத்தில் நமக்கு வந்து சேர்ந்தது. பெயரும் வீடும் ஒருசேர இடம்பெறக் கூடிய வகை அது. நம் மரபு பிரித்து வைத்ததை அதற்குள் சேர்த்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முல்லைப்பாட்டின் தலைவி இருப்பது ஏழு நிலை மாடத்தில். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். சுபேதாரின் மனைவி இருந்தது ஓட்டு வீட்டில், மாமியாரோடும் இரண்டு எருமைகளோடும். அவருக்கு உட்கார்ந்து காத்திருக்க நேரம் கிடைத்ததில்லை. ஆகவே முல்லையை அப்படியே எடுத்து ஒட்டுவதும் பொருந்தாது. அதற்குள் நாற்று நடவையும் ரேஷன் கடை வரிசையையும் நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

4. ஊர்ப்பெயர் இல்லாத முகவரி

பெட்டிக்கு வருகிறேன். கறுப்பு வண்ணம் அடித்த தகரப் பெட்டி. மூடியில் வெள்ளை எழுத்தில் அவருடைய எண், பதவி, பெயர். பதவி உயரும்போதெல்லாம் பழைய பதவியின் மேல் கறுப்பு பூசிப் புதியதை எழுதியிருக்கிறார்கள். சாய்வாக வெளிச்சம் படும்படி பிடித்தால் அடியில் ‘நாயக்’ தெரிகிறது. உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, ஒரு ஸ்வெட்டர். அடியில் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். அவர் எழுதியவற்றை மனைவி சேர்த்துவைத்திருந்தார். மனைவி அனுப்பியவற்றை அவரும் சேர்த்துவைத்து, ஒவ்வொரு லீவுக்கும் கொண்டுவந்து பெட்டியில் போட்டிருக்கிறார். இரண்டு கட்டுகளும் ஒரே பெட்டியில் இருப்பது ஓர் ஆய்வாளனுக்குக் கிடைத்தற்கரிய பேறு.

மனைவி அனுப்பிய உறைகளில் முகவரியைப் பாருங்கள்: எண், பதவி, பெயர், யூனிட், பிறகு ‘கேர் ஆஃப் 56 ஏபிஓ’. அவ்வளவுதான். மேற்கே பணியாற்றுவோருக்கு 56, கிழக்கே 99. பட்டாளத் தபால் முறை அது. எதிரிக்கு இடம் தெரியக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. கணவன் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாமலேயே ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் கடிதம் போட்டிருக்கிறார். இங்கே குளிர் அதிகம் என்று அவர் எழுதினால் வடக்கே மலை என்று வீட்டில் ஊகித்துக்கொள்வார்கள்.

அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்துத் தெருவில் இருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘இவ்விடம் அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்’ என்பது ஆசிரியரின் நடை. அதற்குக் கீழே நடை சட்டென்று மாறும். எருமை கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, உங்கள் தங்கச்சிக்கு வந்த வரனை மாமா தட்டிவிட்டார் என்று அந்த அம்மாவின் பேச்சே தாளில் இறங்கும்.

1971 டிசம்பர் தேதியிட்ட இரண்டு கடிதங்களை அருகருகே வைத்துப் படித்தேன். மனைவியுடையது: ‘பெரிய பெண்ணுக்கு அம்மை பார்த்திருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கவலைப்பட வேண்டாம்.’ அம்மை கண்ட நாளில் அவர் சொல்லவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்து கணவர் பதில் எழுதுவதற்குள் ஆவது ஆகிவிடும், வீணாக அங்கே எதற்குப் பதற வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். குழந்தை தேறிய பிறகே ஆசிரியரிடம் போயிருக்கிறார். அந்த மாதத்தில் பாகிஸ்தானோடு போர். சுபேதார் மேற்கு முனையில் ஷகர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றை நம் டாங்குகள் கடப்பதற்குக் கண்ணிவெடி வயலில் வழி திறக்கும் பொறுப்பு சாப்பர்களுடையது. ஆற்றைக் கடந்து போன டாங்குகளில் ஒன்றில் இருந்த இருபத்தொரு வயது அருண் கேத்தர்பால் டிசம்பர் 16 அன்று வீழ்ந்தார். பரம்வீர் சக்கரம் பெற்ற அவர் பெயர் நாட்டுக்கே தெரியும், தெரிய வேண்டிய பெயர். டாங்குகளுக்கு வழி திறந்துவிட்டு உயிரோடு எழுந்து வந்தவர்கள் யார் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? போர் 17ஆம் தேதி ஓய்ந்தது. சுபேதார் எழுதிய கடிதம் 20ஆம் தேதியுடையது: ‘யுத்தம் முடிந்தது. நான் சுகம். கதிர் முற்றிவிட்டதா? கூலியாள் கிடைக்காவிட்டால் மாமாவிடம் சொல்.’ கண்ணிவெடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அம்மையை மறைத்தது ஒரு கடிதம், கண்ணிவெடியை மறைத்தது மற்றொன்று. புறத்தை எழுத வந்த ஆசிரியர் முதல் கடிதத்தை விட்டுவிடுவார். குடும்பக் கதை எழுத வந்தவர் இரண்டாவதன் பின்னணியைத் தேடமாட்டார். இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால்தான் அந்த டிசம்பர் முழுமையாக வரும்.

இதே பெட்டியில் 1974இல் வந்த தந்தி ஒன்றும் இருக்கிறது. தந்தை இறந்த செய்தி. யூனிட்டுக்கு வந்து, மேலிருக்கும் முகாமுக்குப் போய், லீவு ஒப்பமாகி, வண்டி பிடித்து, டெல்லியில் மாறி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை வந்து, காட்பாடியில் இறங்கி, அவர் வீடு சேர்ந்தபோது காரியத்துக்குத்தான் நேரம் இருந்தது. மூத்த மகன் அவர். கொள்ளி வைத்தவர் தம்பி. இதை ஊர் வெகுகாலம் பேசியது. அவரும் வெகுகாலம் மறக்கவில்லை. பட்டாளத்துக்குப் போன மூத்த பிள்ளைகள் உள்ள நம் ஊர்களில் இந்தத் துயரம் எத்தனை வீடுகளில் இருக்கும் என்று முன்வரிசையில் இருக்கும் முன்னாள் படைவீரர்களுக்குத் தெரியும்.

சட்டம்கூட ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறது. 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் என்று ஒன்று உண்டு. போர்ச் சூழலில் பணியாற்றும் வீரர் மீது உரிமையியல் வழக்கு வந்தால், உரிய சான்று கிடைத்ததும் நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்கும். நல்ல சட்டம். சுபேதாரின் பங்காளி வரப்புத் தகராறில் வழக்குப் போட்டபோது அது உதவியது, வழக்கு நின்றது. தகராறு நிற்கவில்லை. அந்தப் பங்காளி வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் தண்ணீர் எடுக்கக் கிணறு ஒன்றுதான். ஒவ்வொரு நாள் காலையும் குடத்தோடு அங்கே போய் நின்றவர் அந்த அம்மா.

5. பார்த்த ஊர்கள்

சுபேதார் நிறைய ஊர் பார்த்தவர். சிக்கிம், லடாக், ஜம்மு, நாகாலாந்து, புனே என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்கங்களையும் வைத்தே ஒரு வரைபடம் போட்டுவிடலாம். 1965க்குச் சமர் சேவா ஸ்டார், 1971இல் மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார், மலையில் பணியாற்றியதற்கு ‘ஹிமாலயா’ பட்டை பொறித்த சைன்ய சேவா பதக்கம். பதக்கம் படிக்கத் தெரிந்தவருக்கு அவருடைய மார்பு ஒரு பயண நூல்.

ஆனால் அந்த ஊர்களைப் பற்றி அவர் பேசிய விதம் சுற்றுலாப் போனவர் பேசுவது போல இருக்காது. சிக்கிம் என்றால் அவருக்கு ஒரு பெய்லி பாலம். அதன் பேனல் ஒன்று பத்தடி நீளம், ஐந்தடி உயரம், ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் தூக்க வேண்டும். பேனலோடு பேனலைச் சேர்த்துப் பின் அடிக்க வேண்டும். கீழே ஆற்றில் கால் வைக்காமல், இக்கரையிலிருந்தே உருளைகளின் மேல் தள்ளித் தள்ளி அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். தள்ளும்போது பின்பக்கத்து எடை குறைந்தால் பாலம் மூக்குக் குப்புற ஆற்றில் விழும். எண்பதை நெருங்கும் வயதில் மேசைமேல் தீப்பெட்டிகளை அடுக்கி இதை எனக்குக் காட்டினார். ஆறு பேரும் ஒரே மூச்சில் தூக்கக் கொடுக்கும் குரலை அவர் கொடுத்தபோது பக்கத்து அறையிலிருந்து பேரன் ஓடிவந்தான்.

அவர் பணியில் சேர்ந்த காலத்தில், 1972 வரை, ஜம்முவுக்கு ரயில் இல்லை. பதான்கோட்டில் இறங்கி லாரியில் போக வேண்டும். ஆண்டுக்கு அறுபது நாள் ஆண்டு லீவு, முப்பது நாள் கேஷுவல் லீவு. அவர் வாழ்க்கை அந்த லீவுகளைக் கொண்டுதான் கணக்கிடப்பட்டது. பிள்ளைகளின் பிறந்த நாளைச் சொல்லும்போதுகூட அந்த அம்மா ‘அவரு லீவுக்கு வந்துட்டுப் போன பிற்பாடு’ என்றுதான் தொடங்குகிறார். ஃபீல்டில் இருக்கும்போது குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. பீஸ் ஸ்டேஷன் கிடைத்து, குவார்ட்டர்ஸ் கிடைத்துச் சேர்ந்து வாழ்ந்த காலம் மொத்தப் பணியில் மிகக் குறைவு.

ஓய்வுக்குப் பின் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மனைவியை ஒவ்வோர் இடமாக அழைத்துப் போய்க் காட்டினார். பிள்ளைகளின் கல்யாணம் முடிந்து கையில் கொஞ்சம் பணம் தங்கியதும், முதலில் ஜம்மு, சில ஆண்டு கழித்து கேங்டாக். ஜம்முவில் தவி ஆற்றுப் பாலத்தில் நின்று, அந்தக் கரையில்தான் ஒரு காலத்தில் கூடாரம் போட்டிருந்தோம் என்று காட்டியிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: “நம்பரு மேல கடுதாசி போட்டேன் தம்பி, அத்தினி வருசமும். அது ஒரு ஊரு, அங்க ஆறு ஓடுது, பொம்பளைங்க துணி தொவைக்கறாங்கன்னு அன்னிக்குத்தான் கண்டேன்.”

6. பென்ஷன் வந்த பிறகு

பெரும்பாலான நினைவுக் குறிப்புகள் ஓய்வோடு முடிந்துவிடும். ‘பணி நிறைவுக்குப் பின் குடும்பத்தோடு அமைதியாக வாழ்ந்தார்’ என்று ஒரு வரி. சுபேதார் விஷயத்தில் அந்த ஒரு வரி 34 ஆண்டு. அமைதி முதலில் வரவில்லை. மனைவியின் சொல்லிலேயே தருகிறேன்: “நான் பாத்த வீடு தம்பி இது. வெத நெல்லு எங்க, வட்டிக் காசு எவ்ளோ, எந்தப் புள்ள எதுக்கு அழுவும், எல்லாம் எனக்குத்தான் தெரியும். இவரு வந்த மறுநாளே மூட்டைய எண்ண ஆரம்பிச்சிட்டாரு. காலைல அஞ்சு மணிக்குப் புள்ளைங்கள எழுப்பி வரிசையா நிக்க வெச்சாரு. ஒரு மாசம் நான் பேசவே இல்ல.”

வந்தவருக்கும் வலி இருந்தது. வீட்டில் தமக்கென்று ஒரு வேலை மிச்சமில்லை என்று அவர் கண்டார். மகன் எதற்கும் அம்மாவையே கேட்டான். வேலூரில் ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கிக் காவலர் வேலை கிடைத்தது, முன்னாள் படைவீரர்கள் பலர் போகும் வேலைதான். பகலில் அங்கே இருந்தது வீட்டுக்கும் நல்லதாயிற்று. மெல்ல மெல்ல மாலை வேளைகளில் மாட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை ஆயிற்று. தம் மாமியார் படுத்த படுக்கையானபோது தூக்கி உட்கார வைத்ததும், துணி மாற்றியதும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்ததும் அவரே. மனைவியின் தாய்க்கு ஓர் ஆண்மகன் இதைச் செய்வதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. கேட்டால், பட்டாளத்தில் அடிபட்டவனை இப்படித்தான் பார்ப்போம் என்பாராம். மகள் வீரச் செயல் எதுவும் தெரியவில்லை என்றார் அல்லவா? அவரிடம் நான் சொன்ன முதல் பதில் இதுதான். இதை எழுதுங்கள் அம்மா, ஒரு முழு அதிகாரமாக எழுதுங்கள்.

இருபுறத்தையும் சேர்த்து எழுதினால் புகழ்ச்சி குறைந்துவிடுமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு மாதம் மனைவி பேசாமல் இருந்ததை அச்சில் போடலாமா என்று இந்தக் குடும்பத்திலும் கேட்டார்கள். போடலாம் என்றவர் அந்த அம்மாவேதான். பல ஆண்டுகள் பெரும்பாலும் தனித்தனியே வாழ்ந்த இருவர் ஒரு வீட்டுக்குள் பொருந்திக்கொள்ளப் பட்ட பாடு, பாலம் கட்டியதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை என்பது என் துணிபு.

7. செய்ய வேண்டிய வேலை

1962, 1965, 1971 போர்களில் பணியாற்றியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய மனைவியரும் அந்த வயதை ஒட்டியவர்கள்தான். கணவர் இறந்தபின் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கடிதங்கள் அடுப்புக்குப் போயிருக்கின்றன. வாட்ஸ்அப் காலத்து வீரருக்கும் மனைவிக்கும் இப்படி ஒரு கட்டு மிஞ்சப் போவதில்லை என்பதால், இருக்கும் கட்டுகளின் அருமை இன்னும் கூடுகிறது.

இந்தத் தமிழ்த்துறையின் முதுகலை மாணவர்கள் தத்தம் ஊரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். முதலில் அந்த வீட்டு அம்மாவிடம் பேசுங்கள், வீரரிடம் அடுத்துப் பேசலாம். அவர் முதலில் பேசிவிட்டால் அம்மா ‘அவர் சொன்னதுதான்’ என்று நிறுத்திக்கொள்வார். கடிதம் எழுதிக் கொடுத்தவர் யார், மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் யார் என்று கேளுங்கள். மணியார்டர் கூப்பனில் செய்தி எழுத விட்டிருக்கும் சின்ன இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பிள்ளைகள் பிறந்தபோது அவர் எங்கே இருந்தார் என்று யூனிட்டின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். போர்க்கதையைத் தோண்டித் துருவ வேண்டாம். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். சொல்லாவிட்டால், எந்த இடத்தில் பேச்சு நின்றதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பெயரை அச்சிடலாமா என்று கட்டாயம் கேளுங்கள், மறுத்தால் அதை மதியுங்கள். கடிதங்களை வீட்டிலிருந்து எடுத்து வராதீர்கள், அங்கேயே படம் பிடித்துக்கொண்டு அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிப் பத்து வீட்டு வரலாறுகள் சேர்ந்தால் அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளையே அவற்றை நூலாக வெளியிடும் என்று குடும்பத்தார் இன்று காலை என்னிடம் உறுதி கூறினார்கள். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் வரும் சனிக்கிழமை காலை துறை நூலகத்துக்கு வாருங்கள். சுபேதாரின் கடிதப் படிகளை அங்கே வைத்திருப்பேன், எப்படிப் படிப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.